கட்டிலுக்குக் கீழே அப்பா

மாமா எங்கள் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டைக்கு வந்தால் சும்மா இருக்கத் தெரியாதவர். எனக்கு எட்டு வயதிருக்கும்போது வந்தவர், கில்லியை எப்படி அடிக்க வேண்டும் என்று எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தார். மிக நன்றாகவே அடித்தார். கில்லி என் வலது கண்ணில் வந்து நின்றது.

பக்கத்து வீட்டு அக்கா கண்ணில் சாறு பிழிய நந்தியாவட்டைப் பூவோடு ஓடிவந்தார். அப்பா அவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, சுரங்கத்து ஷிஃப்டையும் விட்டுவிட்டு, எங்களைப் பெங்களூர் ரயிலில் ஏற்றினார்.

அங்கே டாக்டர் அப்பா அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். "உள்ளே இருக்கற திரை கிழிஞ்சிருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்குக் கண்ணுல இருக்கற ஜெல்லி அந்தத் திரையை இறுக்கமா பிடிச்சிருக்கும். இழுத்தா இன்னும் கிழியும். இவ ரத்தத்துல இருந்தே ஒரு என்சைம் எடுத்து உள்ளே விட்டா, பிடி தளரும். புது முறைதான். பார்வை வரும்னு உறுதி சொல்ல முடியாது."

"இருக்கறதே இத்துனூண்டு ரத்தம்" என்றாள் அம்மா. எனக்கோ என் ரத்தமே மருந்தாவதில் கொஞ்சம் கர்வம்.

அந்தக் கர்வம் ஆபரேஷனோடு போனது. கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைத்திருக்கிறார்களாம். அது திரையை அழுத்திப் பிடிக்க, இரவும் பகலும் குப்புறப் படுக்க வேண்டுமாம். கட்டிலின் விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டு, கட்டுப் போடாத கண்ணால் தரையையே பார்த்து அழுதேன். அப்பா பாயை விரித்து, என் முகத்துக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"இன்னாங்க இது, நர்ஸெல்லாம் சிரிக்கிறாங்க" என்று அம்மா கோபித்துக்கொண்டாள்.

"சிரிச்சிட்டுப் போவட்டும். புள்ள தரையவே பாத்துக்கினு கெடக்கணுமா?"

கீழே அப்பா ஒரு வேடிக்கையும் செய்தார். வலது கண்ணை மூடிக்கொண்டே இருப்பார். எழுந்து உட்கார்ந்து, அப்படியே பிளாஸ்கிலிருந்து டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவார். பன்னை எடுக்கப்போய் வெறும் பாயைப் பிடிப்பார். எனக்குச் சிரிப்பு தாங்காது. "இன்னொரு தபா பண்ணுப்பா" என்பேன். மறுக்காமல் செய்வார்.

குமிழ் கரைந்து கட்டுப் பிரித்தபோது முதலில் வெளிச்சம் வந்தது. பிறகு டாக்டரின் விரல்கள் மங்கலாகத் தெரிந்தன. எத்தனை என்று சொன்னேன். அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய், வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

உடனே அந்த ஒற்றைக்கண் வேடிக்கையைக் காட்டச் சொன்னேன்.

"போதும்மா. இனிமே அது வேணாம்" என்றார்.

ஒரு கண்ணோடு மகள் என்ன பாடுபடுவாள் என்று அத்தனை நாளும் அவர் தானே இருந்து பார்த்திருக்கிறார். எனக்கெங்கே அது தெரிந்தது? நல்ல விளையாட்டை நிறுத்திவிட்டாரே என்ற கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.