முட்டைத் தட்டில் காக்காய்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், முட்டை வைக்கிற தட்டில் ஒரு காக்காய் உட்கார்ந்திருந்தது. மெழுகுக் காக்காய். வெண்கலச் சிற்பம் செய்கிறவரைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் சகஜம். முதலில் மெழுகில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் மண் பூசி, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அது இருந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றுவார்கள். கோடையில் எங்கள் மைசூர் விஜயநகரிலும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மெழுகு இளகிவிடும் என்று என் கணவர் சின்னச் சின்ன உறுப்புகளை என் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார். ஒருமுறை ஏதோ ஒரு தேவியின் கையை இஞ்சி என்று நினைத்து எடுத்துவிட்டேன்.

அந்த வாரம் எனக்கு அந்தக் காக்காயைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. பாவம், அது என்ன செய்யும்? வங்கியில் எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது, திருச்சிக்கு மாற்றலோடு. முன்பும் வந்திருக்கிறது. மகளின் பள்ளிக்கூடம் என்று ஒரு தடவை, இவருடைய கண்காட்சி என்று ஒரு தடவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இப்போதும் மறுத்தால் இனிமேல் கேட்கமாட்டார்கள் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மகள் வேலை கிடைத்து பெங்களூரில் இருக்கிறாள். எனக்குச் சொல்லச் சாக்கும் இல்லை, போக வேண்டாம் என்ற ஆசையும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் தரவேண்டும். வீட்டில் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

திறந்தாலும் காதில் வாங்குகிற ஆள் எங்கே? இவர் புராணத்தில் ஊர்விட்டு ஊர் வந்தவர்களையெல்லாம் தேடிப்பிடித்து வெண்கலத்தில் வார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அகத்தியர்.

“எங்க தாத்தா ரயில்வே வேலைக்குன்னு மைசூருக்கு வந்தது என்ன பெரிசு? அதுக்கு எவ்வளவோ முன்னாடி கமண்டலத்தோட தெற்கே வந்தவரு இவரு,” என்றார்.

தமிழ் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முனிவர் கமண்டலத்துக்குள் காவேரியை வைத்திருந்தார். பிள்ளையார் காக்காய் உருவில் வந்து அதைத் தட்டிவிட, காவேரி ஓடினாள். மெழுகில் முனிவர் கையை ஓங்கிக்கொண்டு கண்ணை உருட்டினார். கமண்டலம் சாய்ந்து கிடந்தது. விளிம்பில் காக்காயை ஒட்டவேண்டியது மட்டும்தான் பாக்கி.

“உங்க தாத்தா கிளம்புறப்போ பாட்டியை ஒரு வார்த்தை கேட்டாராமா?” என்றேன்.

“நீ சும்னே இரு. மூக்கு சரியா வரலைன்னு நானே கவலையில இருக்கேன்.” எரிச்சல் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்து கலந்துகொள்ளும்.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா உறைமோருக்கு வந்தார். குடகுக்காரர், ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னோடு கன்னடத்தில்தான் பேசுவார். ஃப்ரிட்ஜில் காக்காயைப் பார்த்து முதலில் திடுக்கிட்டார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கதையைச் சொன்னேன்.

“காக்காயா? எங்க ஊர்க் கதையில காக்காயே கிடையாதே,” என்றார். “காவேரி அந்த முனிவரோட பெண்டாட்டி. என்னைத் தனியா விட்டுட்டுப் போகக்கூடாது, விட்டா நான் போயிடுவேன்னு சொல்லித்தான் கல்யாணமே பண்ணிக்கிட்டா. ஒரு நாள் அவளைக் கமண்டலத்துல வச்சு, சீடர்களைக் காவலுக்கு விட்டுட்டு, அவர் பாட்டுக்குக் குளிக்கப் போயிட்டார். வந்து பார்த்தா ஆளைக் காணோம்.”

“யாரும் தட்டிவிடலையா?”

“யார் தட்டணும்? அவளாத்தான் போனா,” என்று சொல்லிவிட்டு மோரை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அன்று வேலையே ஓடவில்லை. என் வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. “இதோ வந்துடறேன்” என்று ஹுணசூர் சாலையில் இருக்கும் உலைக்கூடத்துக்குப் போவார். வார்ப்பு முடிகிறவரை ஃபோனைக்கூட எடுக்கமாட்டார். நான் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

சாப்பிடும்போது குடகுக் கதையை அவரிடம் சொன்னேன். “அது அவங்க ஊர்க் கதை,” என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

“எனக்குத் திருச்சிக்கு மாத்தல் வந்திருக்கு. பிரமோஷன். இந்தத் தடவை போறேன்.”

அவர் கை நின்றது. “யாரு சொல்லிக் கொடுத்தாங்க உனக்கு? பக்கத்து வீட்டம்மாவா?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “என் விஷயத்துலயும் காக்காயைத்தான் தேடுறீங்களா?”

தட்டில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் காபி வேண்டுமா, கேஸ் வந்ததா என்கிற பேச்சுதான். வெள்ளிக்கிழமை நான் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் முட்டைத் தட்டு காலியாக இருந்தது. ஒட்டி முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைப்பானேன்.

நான் கிளம்புவதற்கு முதல்நாள் அவருடைய கண்காட்சியைத் திறந்தார்கள். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்காமல் கடைசியில் போய்ச் சேர்ந்தேன்.

அகத்தியரைச் சுற்றி நல்ல கூட்டம். எட்டிப் பார்த்தேன். கமண்டலம் சாயாமல் நேராக நின்றிருந்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் தானே பொங்கி வழிந்து, பீடத்தைத் தாண்டி நீளமாகப் போயிருந்தது. முனிவரின் ஓங்கிய கை இறங்கியிருந்தது. சடை நனைந்து தோளில் ஒட்டிக்கிடந்தது. வேலை முடிந்து வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்ததுபோல் நின்றிருந்தார்.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் குனிந்து நிமிர்ந்து தேடிவிட்டு என் கணவரிடம் கேட்டார். “சார், காக்கா எங்கே?”

“உருக்கித் தண்ணியில சேர்த்துட்டேன் சார். தண்ணிக்கு மெழுகு பத்தலை.”

“அப்போ கமண்டலத்தைத் தட்டிவிட்டது யாரு?”

“யாரும் இல்லை. அவளாத்தான் போனா.”

பெரியவர் விடுவதாக இல்லை. “முனிவர் பார்த்துக்கிட்டா இருந்தாரு?”

என் கணவர் அப்போதுதான் கூட்டத்தில் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அவரு குளிக்கப் போயிருந்தாரு சார்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் சாயங்காலம் திருச்சி வண்டியில் என் பெட்டியை என் கணவர்தான் ஏற்றி வைத்தார்.