பேட்டையில் காசு வாங்காத ஏகாதசி

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. ஜில்லா முழுக்க வாந்திபேதி. அந்த நேரத்தில்தான் ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வர வேண்டும். வராதே என்று சொன்னால் எவன் கேட்பான்? அதனால் வருகிறவனுக்கெல்லாம் காலரா ஊசி போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். ரயிலடியில் ஊசி, பஸ் நிற்கிற இடத்தில் ஊசி. மாட்டு வண்டியில் வருகிறவனுக்கு, ஊருக்கு நடுவே இருந்த வண்டிப்பேட்டை வாசலில் ஊசி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பேட்டையில் வண்டி நிறுத்தக் காசு கொடுக்க வேண்டும். அந்தச் சில்லறையை மிச்சம் பிடிக்க எங்கள் ஜனம் ஆற்று மணலில் இறங்கி, வாழைத்தோப்புக்குள் புகுந்து, எப்படியாவது ஊருக்குள் வந்துவிடும். காசும் தப்பும், ஊசியும் தப்பும். யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து யோசித்தார். திருவிழா முடிகிற வரை பேட்டையில் காசு கிடையாது, ஊசி போட்டவன் வண்டியை எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று தமுக்கு அடிக்கச் சொல்லிவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த ஊசி போட்டால் கை வீங்கி, காய்ச்சல் வந்து, ஒரு நாள் முழுக்க ஆள் எழுந்திருக்க முடியாது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

எனக்கு ஜீயபுரத்தில் வாழைத்தோப்பு. அந்த வருஷம்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய சத்திரத்துக்கு இலை போடுகிற வாய்ப்பு கிடைத்திருந்தது. வாடிக்கையை நிரந்தரமாகக் கொடுப்பதாகச் சத்திரத்துத் தலைமைச் சமையல்காரர் சொல்லவில்லை. "துவாதசிக்கு ஒழுங்கா வந்து சேருதா பார்ப்போம், அப்புறம் பேசிக்கலாம்" என்றுதான் சொன்னார். ஏகாதசியன்று ஊரே பட்டினி கிடக்கும், ஒரு இலை விற்காது. மறுநாள் துவாதசி விடிந்தவுடன் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருவார்கள். அதனால் ஏகாதசி சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் இலை சத்திரத்தில் இருக்க வேண்டும். தவறினால் அந்த வாடிக்கை என் சித்தப்பா மகனுக்குப் போய்விடும். வாய்க்கால் தண்ணீரை என் முறையில் தன் பக்கம் திருப்பிவிட்டவன் அவன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவனுக்கு அது போவதை விட இலையை என் மாடு தின்பது மேல் என்று நினைத்தேன்.

ஏகாதசி காலையில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, கரூர் ரோட்டில் வந்து, பாலத்தைத் தாண்டிப் பேட்டைக்குப் போனேன். திருவிழா நாளில் தெருவுக்குள் வண்டி விடமாட்டார்கள். பேட்டையில் நிறுத்தி, அங்கே இருக்கிற சுமைதூக்கிகளைப் பிடித்து, தலைச்சுமையாகத்தான் அனுப்ப வேண்டும்.

வாசலில் ஒரு காவல்காரர். கட்டை விரல் வெள்ளரிப்பிஞ்சு கனம். ஊசி போட்டதற்கு முதலில் சீட்டுதான் கொடுத்தார்களாம். ஒருவன் உள்ளே போய் வேலிக்கு மேலே சீட்டை வெளியில் இருக்கிறவனுக்கு வீச, ஒரே சீட்டில் ஒன்பது வண்டி நுழைந்துவிட்டது. அதனால் காவல்காரர் சீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார். வருகிறவன் புஜத்தில் கட்டை விரலை வைத்து ஒரு அழுத்து. கத்தினால் ஊசி போட்டவன், உள்ளே போகலாம். கத்தாவிட்டால் ஊசிக்குப் போக வேண்டும். எனக்கு முன்னால் நின்ற மண்ணச்சநல்லூர்க்காரர், விரல் படுவதற்கு முன்பே "ஐயோ, அம்மா!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினார். ஊசியின் பக்கமே போகாத ஆள் என்பது அந்த ஓட்டத்திலேயே தெரிந்தது.

எனக்கு எங்கள் ஊரிலேயே போன வாரம் ஊசி போட்டாகிவிட்டது. வலியும் போய்விட்டது. காவல்காரர் அழுத்தினார். நான் சும்மா நின்றேன்.

"ஊசி போடலையா?"

"போட்டாச்சுங்க."

"அப்ப ஏன் கத்தல?"

"வலிக்கலைங்க."

"வலிக்கலைன்னா போடலைன்னு அர்த்தம். அந்தப் பக்கம் போ."

"வழக்கம்போலக் காசைக் கொடுத்துடறேன், விடுங்க. இலை வாடுது."

"காசா? காசு வாங்கினா என் வேலை போயிடும்யா. இது இலவசம், தெரியாதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விரலை ஒடித்திருப்பேன். பின்னால் வண்டி வரிசை பாலம் வரை நிற்கிறது, திரும்பவும் முடியாது. இடது கையில் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை உயிர் போனது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவனுக்காக நான் கத்துவதா?

ஊசி போட்ட ஆளே எழுந்து வந்துவிட்டார். "கத்தித் தொலைய்யா! மூணாவது ஊசிக்கு என்கிட்ட மருந்து இல்லை!"

கத்தினேன். என் மாடுகளே மிரண்டு உள்ளே போய்விட்டன.

உள்ளே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. காசு கொடுத்த காலத்தில் சாமானை இறக்கினவன் உடனே கிளம்பிவிடுவான். இப்போது ஒருவனும் கிளம்பவில்லை. காசில்லை என்பதால் உள்ளூர்க்காரனெல்லாம் வீட்டு வாசலில் கிடந்த வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தான். ஒருவன் எருமையைக் கட்டியிருந்தான். ஒரு குடும்பம் அடுப்பு மூட்டிக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் காய்ச்சலில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். நோயை அடக்க வந்த ஏற்பாடு, ஜில்லாவையே ஒரே தொழுவத்தில் அடைத்து வைத்திருந்தது.

சுமைதூக்கிகளைத் தேடினேன். வரிசையாக, வைக்கோலில், முனகிக்கொண்டு கிடந்தார்கள். அவர்களுக்குத்தான் முதல் ஊசியாம்.

மத்தியானம் எனக்கும் குளிர் எடுத்தது. இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஒற்றைக் கையால் இலைக்கட்டைத் தூக்கித் தலையில் வைக்க முடியுமா? முடியவில்லை. மூன்று தடவை முயன்று, கட்டோடு சாணியில் உட்கார்ந்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு வண்டி நுழைந்தது. சித்தப்பா மகன். அதுவும் இலை வண்டி. நான் கோட்டை விடுவேன் என்று கணக்குப் போட்டே வந்திருக்கிறான். ஆனால் அவனுக்கும் ஊசி. இடதுகைக்காரன் என்பதால் கெஞ்சி வலது கையில் போட்டுக்கொண்டிருக்கிறான். அவனும் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தான். அவனும் உட்கார்ந்தான்.

ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். பிறகு அவன் தன் மாட்டைத் தடவிக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"சிலபேருக்கு இடது கை விளங்காது. எனக்கு வலது கை விளங்காது. என்னடா சொல்றே?"

நான் என் மாட்டிடம் சொன்னேன். "ஓசியில சத்திரத்துக்குள்ள நுழையப் பார்க்கிறான்டா ஒருத்தன்."

"பாதி பாதின்னா தூக்கலாம். இல்லேன்னா இங்கேயே வாடட்டும். எனக்கென்ன, நான் யார்கிட்டயும் வாக்குக் கொடுக்கல."

அந்த இடத்தில்தான் என்னை மடக்கிவிட்டான். வாக்குக் கொடுத்தவன் நான்தான். "கழியை எடுக்கச் சொல்லுடா அவனை" என்றேன் மாட்டிடம்.

வண்டியிலிருந்து மூங்கில் கழியை உருவினோம். யார் கட்டு முதலில் போவது என்று அதற்கு ஒரு சண்டை, அதையும் மாடுகள் வழியாகவே போட்டோம். கடைசியில் அவன் கட்டு ஒன்று, என் கட்டு ஒன்று. முன்னால் அவன் இடது தோளில், பின்னால் நான் வலது தோளில். கழி கோணலாக நின்றது. நேராக நடந்தால் தெருவோரச் சாக்கடைக்குப் போனோம். கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தவர்கள் முதுகிலெல்லாம் கட்டு இடித்தது. "கண்ணு தெரியலையாய்யா?" என்று கேட்காத ஆள் இல்லை. இருவரும் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் பேசிக்கொண்டது மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். நடைமேல் நடையாக, அத்தனை கட்டையும் இப்படியே சேர்த்தோம்.

கடைசிக் கட்டு இறங்கியபோது சத்திரத்தில் விளக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் பட்டினியில் வாடிப்போய்த் தூணில் சாய்ந்திருந்தார். வேலைக்காரர்கள் கட்டைப் பிரித்துக் குவித்துவிட்டதால் எது யார் இலை என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

"எது யாரோடது?" என்றார்.

"நல்லது எல்லாம் என்னுது சாமி" என்றேன்.

"பெரிசு எல்லாம் என்னுது சாமி" என்றான் அவன்.

அவர் எங்கள் கைகளைப் பார்த்தார். காய்ச்சலில் சிவந்த கண்களைப் பார்த்தார். "ஊரெல்லாம் வியாதி. ஒருத்தரை நம்பி இருந்தா, அந்த ஒருத்தர் படுத்துண்டா நான் தரையிலயா சாதம் பரிமாறறது? இனிமே ரெண்டு பேருமே போடுங்கோ. ஆனா சேர்ந்துதான் வரணும். தனியா எவன் வந்தாலும் வாசல்லயே நிறுத்திடுவேன். சம்மதமா?"

"சரிங்க சாமி" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவன் முந்திக்கொள்ளக் கூடாதே என்றுதான் நான் அவசரப்பட்டேன். அவனும் அதற்குத்தான் அவசரப்பட்டிருப்பான்.