முதல் ஓட்டையில் நின்ற சீட்

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் லேசில் மிரளுகிற ஆள் இல்லை. இது நடந்தது இருட்டிலும் இல்லை. 2004 ஒக்டோபர், பின்னேரம் நாலே கால் மணி. நம்பாதவர்கள் என் இடது முழங்காலில் இருக்கும் தழும்பை வந்து பார்க்கலாம்.

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர் சீட் கிழிந்து கம்பி குத்த ஆரம்பித்தது. டவுனில் வேன் திருத்தும் மீராசாஹிப் நானாவிடம் சொல்லி, விபத்தில் நொறுங்கிய வேன் ஒன்றின் சீட்டை வாங்கினேன். அதைத் தண்டவாளத்தோடு மாட்டிவிட்டு நானா விளக்கினார்.

“அடியில ரெண்டு தண்டவாளம். அதுல வரிசையா ஓட்டை. முன்னால ஈக்கிற இந்த லீவரைத் தூக்கினா பல்லு ஓட்டைய விட்டுக் கழரும், சீட்டு ஓடும். கைய விட்டா ஸ்பிரிங் இழுத்து, பல்லு அடுத்த ஓட்டையில விழும். டக்குன்னு கேக்கணும் தம்பி. கேக்காட்டி வண்டிய எடுக்காதீங்க.”

மொத்தம் ஏழு ஓட்டை. நான் ஆறடி. என் காலுக்குக் கடைசி ஓட்டைதான் சரி.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். சீட் முதல் ஓட்டையில், ஸ்டியரிங்கோடு ஒட்டி நின்றது. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தது. கதவு பூட்டியிருந்தது. மூன்றாம் நாளும்...

அன்று ஆயுத பூசை. எங்கள் தோட்டத்தில் மண்வெட்டி, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி எதையும் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். சீட் மட்டும் என்ன பாவம் செய்தது? சந்தனத்தைக் குழைத்து, தண்டவாளம் முழுக்க அள்ளிப் பூசினேன். இனிமேல் அடங்கிவிடும் என்று நம்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி பிரேமலதாவுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். பிள்ளை கால் பக்கமாக இருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மிட்வைஃப் அம்மா விரட்டினார். அவளைப் பின்னால் படுக்க வைத்து, அவள் புருஷன் மதுசன் பிடித்துக்கொண்டான். 4.05க்குப் புறப்பட்டோம்.

சீட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். டக் கேட்டதா? அவசரத்தில் நான் காது கொடுக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்து அழுகிறேன்.

இறக்கம். மூடுபனி. கொண்டை வளைவு. பிரேக்கை மிதித்தேன்.

கிர்ர்ர்...

சீட் என்னோடு முன்னால் ஓடியது. நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதியது. முழங்கால்கள் டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டின. வேன் வலப்பக்க மண்மேட்டில் இடித்து நின்றது. என் கதவைத் திறக்க வழியில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

டக்.

முதல் ஓட்டை. மூக்குக்கு நேரே வேனின் மணிக்கூடு. 4.17.

“அண்ணே... சீக்கிரம்ண்ணே...” தங்கச்சி முனகினாள்.

“மச்சான், சீட்டைப் பின்னால இழுங்க! நான் லீவரைத் தூக்குறேன்!”

குனிய முடியவில்லை. வலது கையை மட்டும் கால் இடுக்கில் நுழைத்து லீவரைத் தேடினேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

ஈரம். ஐஸ் போலக் குளிர். லீவருக்குக் கீழே விரல்களை மடக்கி, இறுக்கிப் பிடித்திருந்தது.

“மச்சான், கைய எடுங்க!”

“எந்தக் கைய? ரெண்டு கையாலயும் சீட்டைத்தானே இழுக்குறேன்!”

கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான்... சீட்டின் முதுகில் அவனுடைய இரண்டு கைகளும்.

லீவர் அசையவில்லை.

4.25. மதுசன் வேறு வாகனம் தேடிக் கீழே ஓடினான்.

4.31. தங்கச்சி கத்தினாள்.

4.36. கத்தவில்லை.

என்னால் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை.

4.40.

டக்.

பல் கழன்றது. கையைக் காணவில்லை. வேனைப் பின்னுக்கு எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

தங்கச்சி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. “கால் மணித்தியாலம் முந்தி வந்திருந்தா...” என்றார் டொக்டர். அதற்குப் பிறகு பிரேமலதா என்னை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை.

மீராசாஹிப் நானா சீட்டைக் கழற்றினார். பின் ஓட்டைகளில் சந்தனம் காய்ந்து கல்லாக அடைத்திருந்தது. “பல்லு முழுசா விழல்ல தம்பி. அதான் ஓடியிருக்கு.” ஒத்துக்கொண்டேன். என் பிழைதான். அப்படியானால் அந்தக் கை?

ஒரு வாரம் கழித்து நானாவே வீடு தேடி வந்தார். சீட்டை விற்றவனிடம் விசாரித்திருக்கிறார்.

“நிவித்திகலப் பக்கம் மரத்துல அடிச்ச வேனாம். டிரைவர், சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல மாட்டி, இருபத்திமூணு நிமிசம் உசிரோட ஈந்தாராம். சனம் சேந்து பின்னால இழுத்தும் சீட்டு வரல்ல. மவுத்தான பொறகும் அவர்ட கை லீவரை விடல்லயாம்.”

அந்தக் கை லீவரை அமுக்கிப் பிடித்தது என்றுதான் அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு யோசித்தேன். அமுக்குவதென்றால் விரல்கள் லீவருக்கு மேலே இருக்க வேண்டும்.

அவை கீழே இருந்தன.

அதுவும் என்னோடு சேர்ந்து தூக்கிக்கொண்டுதான் இருந்தது... இருபத்திமூன்று நிமிடமும்.