சல்லடம் தொங்கிய ஆணி

என் தாய்மாமா வீட்டில், சாமி மாடத்துக்கு மேலே அடித்த ஆணியில் முட்டி பெல்ட் ஒன்று தொங்குகிறது. கறுப்புத் துணி, இருபுறமும் கீல் வைத்த இரும்புப் பட்டை, இழுத்து ஒட்டும் வார்கள். புதூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் அது. தூசி படியாத பொருள் அந்த வீட்டில் கிடையாது. இந்தப் பெல்ட்டை மட்டும் அத்தை துடைத்துத் துடைத்து வைக்கிறாள். ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி மாதக் கோயில் திருவிழாவான கொடை அன்று மதியம், மாமா அதை எடுத்து இடது காலில் மாட்டிக்கொள்கிறார். வார்களை இறுக்கிவிடுவது என் பொறுப்பு. கோவில்பட்டியில் ஓர் எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். சொந்தக்காரர்கள் என் படிப்புக்குத் தருகிற மரியாதை பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகள்தான்.

அந்த ஆணியில் முன்பு தொங்கியது சல்லடம். கொடையில் சாமியாடி உடுத்துகிற, மணி வைத்துத் தைத்த சிவப்புப் பட்டு அரைக்கால்சட்டை. தாத்தாவுக்குப் பிறகு மாமாதான் சாமியாடி. மற்ற நாட்களில் அவர் சத்தம் போட்டுப் பேசாத சம்சாரி, காட்டு வேலை உண்டு தான் உண்டு என்று இருக்கிற விவசாயி. கல்யாண வீட்டில்கூட முதல் பந்தியில் உட்காரமாட்டார். மேளம் முழங்கிவிட்டால் அவரைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஒற்றைக் காலில் சுழன்று, எகிறிக் குதித்து, கூட்டத்தில் எவளோ மனசுக்குள் வைத்திருக்கும் துக்கத்தை நேராக அவள் முன்னால் போய் நின்று சொல்வார். எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் குறைவு. ஆனாலும் அந்த நேரத்தில் அவரை மாமா என்று கூப்பிட வாய் வந்ததில்லை.

ஒரு கார்த்திகையில், மழை விட்ட மறுநாள், மக்காச்சோளத்தில் பன்றி இறங்கிவிட்டது என்று விரட்ட ஓடியிருக்கிறார். நனைந்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், மண் பாதத்தோடு அப்பிக்கொண்டு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யாரோ பின்னாலிருந்து கூப்பிட, உடம்பு திரும்பிவிட்டது. இடது பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் தனக்கே கேட்டது என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் உள்பக்கத்து ஜவ்வு, நடுவில் குறுக்காக ஓடுகிற ஜவ்வு, இரண்டுமே கிழிந்திருந்தன.

எங்கள் மருத்துவர் எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்குகிறவர் அல்ல. "உள்பக்கத்து ஜவ்வு பெல்ட் போட்டாலே பெரும்பாலும் சேந்துரும். நடுவுல உள்ளது அப்படிச் சேராது. ஆனா நேரா நடந்து வேலை பாக்கிறவங்க அது இல்லாமலும் சமாளிக்கலாம், தொடையைப் பலப்படுத்திக்கிட்டாப் போதும். குதிக்கிறது, சட்டுனு திரும்புறது உண்டுன்னா ஆபரேஷன்தான் நல்லது. அப்படி எதுவும் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். மாமா யோசிக்காமல், "இல்ல சார்" என்றார். பொய் சொல்கிற மனிதர் அல்ல அவர். நான்தான் குறுக்கே விழுந்து, கொடையில் ஆடுவாரே என்றேன். "அது நானா ஆடுதேன்? கோட்டி மாதிரிப் பேசாதட்டி" என்று என்னிடம் எரிந்து விழுந்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. "யாரு ஆடுனாலும் முட்டி உங்களுதுதான அண்ணாச்சி" என்றார். மாமா அதைக் கொஞ்ச நேரம் அசைபோட்டுவிட்டு ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். சல்லடத்தைக் கழற்றிக் கொடுக்கும் நாள் வந்துவிடக் கூடாது என்ற ஒரே கவலைதான் அவருக்கு.

முதலில் பெல்ட் போட்டு உள்பக்கத்து ஜவ்வைச் சேரவிட்டோம். தை மாதம், தொடையிலிருந்து எடுத்த தசைநாரை வைத்து நடு ஜவ்வைப் புதிதாகக் கட்டினார்கள். நடக்கலாம், படியேறலாம், அடுத்த கார்த்திகை வரை குதிக்கவோ சுழலவோ கூடாது என்றார் மருத்துவர். ஆடியில் கொடை. மாமா விட்டுக்கொடுப்பதாக இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. திரும்பினால் வலது காலில் திரும்பணும், குதித்தால் வலது காலில் இறங்கணும் என்று மருத்துவமனையின் வழவழத் தரையில் நாள்தோறும் அவரைப் பழக்கினேன். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? சாமிகிட்டச் சொல்லு" என்று சிரிப்பார். நானும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் ஆணியில் தொங்கிய சல்லடத்துக்கு முன்னால் நின்று, "சாமி, இடது காலை ஊனித் திரும்பக் கூடாது பாத்துக்கிடும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கொடை அன்று பெல்ட்டை நீட்டினேன். "சாமி உடம்புல அது எதுக்கு" என்று தள்ளிவிட்டார். மேளம் ஏறியது, சாமி வந்தது. கூட்டம் முகத்தைப் பார்த்தது, நான் முட்டியைப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றும் வலது காலில். ஒவ்வொரு குதிப்பும் வலது காலில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நீ சொன்னது சாமிக்குக் கேட்டுருச்சுட்டி" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியூருக்கு வேலைக்குப் போன மகனைப் பற்றித் தகவலே இல்லாத ஒருத்தி விழுந்து அழுதாள். "வந்துருவான், போ" என்று அவளுக்குத் திருநீறு பூசினார்.

மறுநாள் காலை மாமா என்னைத் தனியே கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். முட்டி வலிக்கிறதோ என்று நான் பதறினேன். "வலி ஒண்ணும் இல்ல. முன்னெல்லாம் மேளம் கேட்டது தெரியும், அப்புறம் தண்ணி தெளிச்சு எழுப்புனாத்தான் தெரியும். நடுவுல நான் இருக்கமாட்டேன். நேத்து நீ சொன்னது அம்புட்டும் ஞாபகம் இருந்துச்சுட்டி. வலது கால், வலது கால்னு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நேத்து ஆடுனது நான்தான். அந்தப் பொம்பளைக்கு வந்துருவான்னு சொன்னதும் நான்தான்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

தீபாவளிக்கு அந்த மகன் வந்து சேர்ந்தான். மாமாவுக்கு அது ஆறுதலாக இல்லை. கார்த்திகையில் முட்டியைச் சோதித்த மருத்துவர், இனி எப்படி வேண்டுமானாலும் ஆடலாம் என்று கை குலுக்கினார். அதற்குள் மாமா தானாகவே சல்லடத்தைத் தன் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். ஊரில் ஆபரேஷன் சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் மருத்துவரிடம் போகாதீர்கள் என்று என் காதுபடவே சொன்னார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். "சொன்னா, அன்னைக்கு என் கையால திருநீறு வாங்குனவிய கெதி என்னட்டி? முட்டி சரியில்லைன்னே இருக்கட்டும்" என்றார்.

இந்த ஆடியிலும் போனேன். ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டி, வெளியே தெரிகிற மாதிரி காலை நீட்டினார். "இறுக்கமா இருக்கா மாமா?" என்றேன். "இன்னும் கொஞ்சம் இறுக்குட்டி." கோயில் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மேளம் ஏற ஏற, இரண்டு கைகளாலும் பெல்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருக்கும் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அன்று காலையிலும் சோதித்துப் பார்த்திருந்தேன்.