திருச்சியில் பூக்காத செடி

மண்ணெண்ணெய் டின்னில் நின்ற அந்தச் செடி என் இடுப்பு உயரம்கூட இருக்காது. மேலப்புதூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடி நிழலில், ஈரச் சாக்கு சுற்றி அதை வைத்திருந்தாள் அத்தை. அப்பாவின் தங்கை. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டிரைவராக இருந்த மாமா காய்ச்சலில் இறந்துபோனதும், "தனியா ஒரு பொம்பளை மலையில என்ன பண்ணுவே?" என்று அப்பா போய் அழைத்து வந்தார். ஐம்பதுகளின் கடைசி அது. பஸ்ஸிலிருந்து அவளுடன் இறங்கியவை ஒரு தையல் மெஷின், ஒரு டிரங்குப் பெட்டி, மடியில் வைத்திருந்த அந்த டின்.

மாமா நட்ட செடி. பெயர் அவளுக்குத் தெரியாது. மலையில் தவக்காலம் வந்தால் இலை தெரியாமல் பூக்கும் என்பாள். மொட்டில் ரோஜா நிறம், விரிந்தால் வெள்ளை. அவள் சொல்லச் சொல்ல, வெயில் கொளுத்தும் கொல்லையில் பனி இறங்குவதுபோல எனக்குத் தோன்றும். இங்கே மூன்று தவக்காலம் போயும் ஒரு மொட்டு வரவில்லை. அக்கம்பக்கத்தார் இலந்தை என்றார்கள், கொய்யா என்றார்கள். அத்தை யாருடனும் வாதாடவில்லை. அப்போதெல்லாம் அவள் அதிகம் பேசுவதே இல்லை.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆசிரியையின் வீடு ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில். ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் நானும் அத்தையும் பஸ் ஏறினோம். காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது அவள் கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு கிளை, மலையிலிருந்து கொண்டுவந்த காய்ந்த பழங்கள் நான்கு. ஆசிரியை இலையின் பல் பல்லான ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு பழத்தை வெந்நீரில் ஊறவைத்துப் பிளேடால் குறுக்கே நறுக்கினார். சுண்டைக்காய் அளவே இருந்த அதற்குள் நட்சத்திரம்போல ஐந்து அறைகள்.

"இது ஆப்பிள் ஜாதி. கிராப் ஆப்பிள்னு சொல்லுவா. அழகுக்கு வளர்க்கிறது."

"இங்க பூக்குமாங்க?" என்றாள் அத்தை.

ஆசிரியை தயங்கினார். "பூக்காது. அதுக்குக் குளிர் வேணும். இன்னும் ரெண்டு கோடை தாங்கினாலே பெரிசு."

அத்தை அழுவாள் என்று நினைத்தேன். அவளோ அதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் நீட்டினாள்.

"காலேஜ் டீச்சரே எழுதிக் குடுத்திருக்காங்க அண்ணே. இங்க இருந்தா செத்துடுமாம். மலையில நட்டுட்டு, அது பூத்ததும் வந்துடறேன்."

"அதுக்குத் தையல் மெஷின் எதுக்கு?" என்றார் அப்பா, மறுநாள் வண்டியில் ஏற்றியிருந்ததைப் பார்த்து.

"அங்க நல்லா ரிப்பேர் பாப்பாங்க."

ஒரு வருஷம் ஆயிற்று. ஈஸ்டர் விடுமுறையில் அவளை அழைத்துவர என்னை அனுப்பினார் அப்பா. கொடைக்கானலில் மஞ்சு மூட்டம் விலகியபோது முதலில் தெரிந்தது அந்தச் செடிதான். இலையே தெரியாமல் வெள்ளை. அதையொட்டிய வாடகை அறையில், இன்னும் இரண்டு பெண்களோடு பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள் அத்தை. அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மூன்று நாள் இருந்தேன். வந்த காரியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது அவளே சொன்னாள்: "பூத்திருக்குன்னு மட்டும் அண்ணன்கிட்ட சொல்லிடாதேம்மா."

தனியாக வந்து இறங்கிய என்னை அப்பா ஏற இறங்கப் பார்த்தார்.

"செடி எப்படி இருக்கு?"

"இன்னும் பூக்கலைப்பா."

என் பின்னலில் சிக்கியிருந்த ஒரு வெள்ளை இதழை அவர் மெதுவாக எடுத்தார்.

"மெதுவாப் பூக்கட்டும்," என்றார். "அவசரமில்லைன்னு அவளுக்கு எழுதிப் போடு."