வாசித்துக் காட்டிய கேள்விகள்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் வரும். அர்த்தம் தெரியாது. அரியலூரில் என்னோடு தங்கியிருந்தவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சிறுவாச்சூரில் பூக்கடை, பெரம்பலூரில் பரோட்டாக்கடை என்று எதிலும் நிலைக்காமல், சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக அரியலூர் வந்திருந்தேன். ரயில்வே லைனை ஒட்டி ஓட்டு வீட்டில் ஓர் அறை. வாடகையில் பாதி கொடுக்க அவன் வந்தான். உடையார்பாளையத்துக்காரன், பட்டதாரி. பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அந்த வருடத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது.

"நீ படிடா மாப்ள. காதால கேட்டாத்தான் தப்பு பளிச்சுன்னு தெரியும்" என்றான், வந்த அன்றே.

ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக்கி, பிழை எதில் என்று கேட்டிருப்பார்கள். சாயங்காலம் மேலெல்லாம் அப்பிய வெள்ளைத் தூசியைக் கழுவிவிட்டு நான் படிப்பேன். அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பான். நான் முடிப்பதற்குள் விடை வந்துவிடும்.

"மூணாவது துண்டு. 'ஈச்'சுன்னு ஆரம்பிச்சா ஒத்த ஆளு. பின்னால ஊரே திரண்டு வந்தாலும் ஒத்த ஆளு கணக்குத்தான். அங்க 'தெயர்' போடக் கூடாது."

இன்னொரு நாள், "திருச்சி வெயிலு அரியலூர விட ஜாஸ்தின்னு எழுதியிருக்கான். வெயில வெயிலோட ஒப்பிடணும், ஊரோட ஒப்பிடக் கூடாது" என்றான்.

"நம்ம வெயில விடவா? இத எழுதினவன ஒருநாள் எங்க லாரியில ஏறச் சொல்லு."

சிரித்தான். சிரிக்கும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தான்.

அதன் பிறகு அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். எதையும் கோழி மாதிரி தலையைச் சாய்த்துத்தான் பார்த்தான். தட்டிலிருக்கும் இட்லியைத் தொடுவதற்குமுன் கை கொஞ்சம் தயங்கியது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், எங்களுக்கு நேரெதிரே நின்ற பஸ்ஸைக் காட்டி, "இது ஜெயங்கொண்டம் பஸ்ஸாடா?" என்றான். பலகையில் முழ நீள எழுத்து. கண்ணில் என்ன கோளாறு என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

"நேரா பாத்தா நடுவுல ஓட்டை. ஓரம் மட்டும் தெரியுது" என்றான். "திருச்சியில டாக்டர்கிட்ட காட்டிட்டேன். கண்ணாடி போட்டும் பிரயோசனம் இல்லையாம்."

"கண்ணு தெரியாதவங்க சர்டிபிகேட் வாங்கினா பரீட்சையில படிச்சுக் காட்ட ஆளு வச்சுக்கலாம்னு ஒருநாள் நீதானே சொன்ன?"

"வாங்கினா ஊருக்குத் தெரிஞ்சிரும். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறோம். கண்ணு போற குடும்பம்னு பேரு வந்துட்டா எவன் வருவான்? தையில அவளுக்கு முடிஞ்சிரட்டும். அப்புறம் நானே தண்டோரா போட்டுக்கிறேன்."

ஞாயிறுதோறும் பெரம்பலூர் டுடோரியலுக்குப் போவான். அங்கே வாத்தியார் கேள்விகளை உரக்கப் படிப்பாராம். இவன்தான் முதலில் விடை சொல்வானாம். "உங்களுக்கென்ன சார், பேங்குல சீட்டு போட்டாச்சு" என்று பையன்கள் கிண்டல் செய்ததை என்னிடம் வந்து சொல்வான். பரீட்சைக் கூடத்தில் யாரும் படித்துக் காட்டப்போவதில்லை. நாங்கள் தினமும் தேறிக்கொண்டிருந்தது பரீட்சை கேட்காத ஒன்றில். குவாரியில் வெடி வைக்கும்போது ஓடு அதிர்ந்து புத்தகத்தில் மண் உதிரும். ஊதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன்.

திருச்சியில் பரீட்சை. துணைக்குப் போய் வாசலில் நின்றேன். கூட்டத்தோடு வெளியே வந்தான்.

"படிச்ச வரைக்கும் எல்லாம் சரி."

"எதுவரைக்கும் படிச்ச?"

"மொதப் பக்கம்" என்றான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "தை வரைக்கும் அடுத்த பரீட்சைக்குப் படிக்கிற மாதிரியே இருக்கணும். நீ வழக்கம்போல படி" என்றான்.

படித்தேன். மார்கழியில் அவன் தங்கை வந்தாள். கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுக்க அரியலூர் வந்தவள், அண்ணனுக்கு ஒரு பை முந்திரிப்பருப்பும் கொண்டுவந்தாள். நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி என்றாள். அவன் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

"இதைத்தான் வருசம் பூரா படிச்சியாண்ணே?" என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்காக வாசலுக்குப் போனாள். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தலையை மறுபுறம் சாய்த்தாள்.

"என்னடி, ஏதாச்சும் புரியுதா?" என்றான் அவன் சுவரில் சாய்ந்தபடி.

"எழுத்தெல்லாம் பொடிசா இருக்குண்ணே."

எழுத்து பொடிசாக இல்லை. மங்கல் பல்பில் நான் படித்த எழுத்து அது.

உடையார்பாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லி என்னை அனுப்பினான். பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு நேரெதிரே ஒரே ஒரு பஸ் நின்றது. அவள் என் காதைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, இது ஜெயங்கொண்டம் பஸ்ஸுங்களா?"

ஆமாம் என்று ஏற்றிவிட்டேன்.

நான் திரும்பியபோது அவன் கண்ணை மூடித் தயாராக இருந்தான்.

"ஏறிட்டாளா? இனி பயமில்லடா, தை பொறந்தாச் சரி. படி."

புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து படித்தேன்.