மொரிஸ் மைனரின் பின் சீட்

போன மாதம் என் தங்கையின் மகளுக்கு வெள்ளவத்தையில் கல்யாணம். இப்போதைய பிள்ளைகளுக்குப் பழைய காரில் ஊர்வலம் போவது ஒரு நாகரிகம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மொரிஸ் மைனரை வாடகைக்கு எடுத்து, மல்லிகைச் சரம் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மணப்பெண்ணின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் பின் சீட்டில் ஏறினேன். கதவைச் சாத்தியதும் அந்த மணம் வந்தது. வெயிலில் காய்ந்த ரெக்சின், தேங்காய்த் தும்பு, கொஞ்சம் பெற்றோல். என் கை என்னைக் கேளாமலே சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் இடையிலிருந்த இடுக்குக்குள் போய்த் துழாவியது.

"என்ன பெரியம்மா தேடுறீங்கள்?" என்றாள் மணப்பெண்.

"ஒண்டுமில்லை பிள்ளை."

கல்யாண நாளில் அவளிடம் சொல்கிற கதையல்ல அது. உங்களிடம் சொல்லலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் நான் பார்த்த முதல் வேலை, கொட்டாஞ்சேனையில் பழைய கார் வாங்கித் திருத்தி விற்கும் ஒரு கராஜில். தட்டெழுத்தில் என் மகள் புலி என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா. கொழும்பில் அந்தச் சொல்லை விளையாட்டுக்கும் வாயில் எடுக்கக்கூடாது என்பது வந்த அன்றே விளங்கிவிட்டது. கராஜின் முதலாளி ஜௌபர் நானா. சீட்டுகளைக் கழற்றிப் புதுத் தும்பு அடைத்து ரெக்சின் போடுகிறவர் மரியதாஸ் அண்ணன், அங்கேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். கணக்கு, கடிதம், தேநீர் எல்லாம் நான்.

பழைய காரின் சீட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு குடும்பமே இருக்கும். உடைந்த செபமாலை, ஒற்றைக் குழந்தைச் சப்பாத்து, தபாலில் போடாத சிங்களக் காதல் கடிதம். எதுவானாலும் நானாவுக்கு ஒரே சட்டம். "புள்ள, அடுத்தவன்ட சாமான் நமக்கு ஹராம். கார் நம்பரோட எழுதி வைங்க." பழைய பிஸ்கட் டின் ஒன்றில் நம்பர் எழுதிய துண்டு கட்டி வைப்பேன். ஒருமுறை ஒரு செட் பொய்ப்பல் அகப்பட்டது. உரியவரைத் தேடிச் சொல்லி அனுப்பினோம். கிழவர் வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றபடியே அதை வாயில் போட்டுப் பார்த்து, திருப்தியாகச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சிரிப்பெல்லாம் பிறகுதான். குண்டு எங்கே வெடிக்கும் என்று தெரியாத காலம். ஒவ்வொரு சீட்டையும் பிரிக்க முதல் மரியதாஸ் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, "தங்கச்சி, அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்பார். நான் அந்தப் பக்கமல்ல, தெருவுக்கே போய்விடுவேன். தைரியத்துக்கும் எனக்கும் அந்த நாளிலேயே பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரு சனிக்கிழமை சாம்பல் நிற மொரிஸ் மைனர் ஒன்றின் பின் சீட்டைப் பிரித்த மரியதாஸ் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். ஸ்பிரிங்குகளுக்கு அடியில், தும்புக்குள், ஓர் ஆணின் லேஞ்சி, கைக்குட்டைதான், முடிச்சாகக் கிடந்தது. அவிழ்த்தால் உள்ளே ஒரு தாலிக்கொடி. லேஞ்சியில் ஸ்பிரிங்கின் துரு வளையம் வளையமாகப் பிடித்திருந்தது.

நானா கார்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். கைமாறியவர்களின் பெயரெல்லாம் அதில் இருக்கும். ஒரேயொரு தமிழ்ப் பெயர், ஹெவ்லொக் டவுன் விலாசத்தோடு. எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடமே கார் வேறு பெயருக்கு மாறியிருந்தது. மூன்று பேரும் அதை இரண்டு தரம் வாசித்தோம். கடைசியில் நானா, "பொம்பளச் சாமான். பொம்பள ஒராள் குடுக்கிறதுதான் சரி. நாளைக்கி ஞாயிறுதானே, குடுத்துட்டு வாங்க புள்ள" என்றார்.

கொண்டுபோவது எப்படி? வழிச் சென்ட்ரியில் ஆமிக்காரர் பையைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள். பைக்குள் முடிச்சுப் போட்ட நகை கிடந்தால் ஆயிரம் கேள்வி. கழுத்தில் கிடந்தால் அது சங்கிலி, அவ்வளவுதான். என் மூளை அப்படித்தான் ஓடியது. சனி பின்னேரம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஞாயிறு காலையிலும் மாட்டிச் சட்டைக்குள் விட்டேன். கல்யாணமாகாதவள் இன்னொருத்தியின் தாலியைப் போடலாமா என்று மனம் உறுத்தியதுதான். உறுத்த வேண்டிய மற்ற விஷயம் தோன்றவே இல்லை.

அது கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளில் தமிழர் வீடுகளில் இருப்பவர்கள் எல்லோரையும் பொலிஸில் பதிய வேண்டும். பெயர், சொந்த ஊர், வந்த காரணம், மணமானவரா இல்லையா. அதன் பிரதியைக் கேட்டவுடன் காட்ட வேண்டும். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி செல்வம் அன்ரி அதைக் கதவில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தா. என் பெயருக்கு நேரே மணமாகாதவர் என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

நான் செருப்பைப் போடும்போது எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுவதும், பொலிஸால் சுற்றிவளைக்கப்பட்டுவிட்டது. வீட்டுக்குள் வந்த பெண் பொலிஸ் ஒருத்தி என்னைத் தடவிச் சோதித்து, கழுத்தில் கை பட்டதும் கொடியை வெளியே இழுத்தாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள்.

"மஹத்தயா கோ?" கணவன் எங்கே என்கிறாள்.

"மஹத்தயெக் நே," கணவனே இல்லை என்று நான் சொன்ன அதே மூச்சில், செல்வம் அன்ரி என்னைக் காப்பாற்றுகிற அவசரத்தில், "மஹத்தயா ரட்ட கியா," வெளிநாடு போய்விட்டார் என்று சொல்லிவிட்டா. அத்தோடு சரி. படிவத்தில் இல்லாத, ஒளித்து வைக்கப்பட்ட, யாழ்ப்பாணத்து ஆண் ஒருவன் எனக்குப் புருஷனாகப் பிறந்துவிட்டான்.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் இருத்தி ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். பெயர் என்ன, எங்கே நிற்கிறான், எப்போது வந்து போவான். "கார் எக்கே திபுணா," காரில் கிடந்தது என்றேன். சிரித்தார்கள். உள்ளே போன எத்தனையோ பேர் திரும்பி வராத கதை எனக்குத் தெரியும். அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில், ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்களோ என்றும் தோன்றியது. வாய்வரை ஒரு பெயர் வந்துவிட்டது. பிறகு அந்தப் பெயருள்ள எவனையாவது பிடித்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானமளவில் வாசலில் சத்தம் கேட்டது. செல்வம் அன்ரி சந்திக் கடையிலிருந்து நானாவின் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறா. நானா தொப்பியோடும் கார்ப் புத்தகத்தோடும் முன்னால் வந்தார். பின்னால், பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, மொரிஸ் மைனரின் பின் சீட்டை முழுதாகத் தோளில் சுமந்தபடி மரியதாஸ் அண்ணன்.

சீட்டை அதிகாரியின் மேசையில் வைத்தார். தும்பு கொட்டியது. பிஸ்கட் டின்னில் கிடந்த லேஞ்சியை விரித்து, துரு வளையங்களை ஸ்பிரிங்குகளின் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார். அதிகாரி தானே கையை உள்ளே விட்டுப் பார்த்தார். நானா புத்தகத்தில் அந்தத் தமிழ்ப் பெயரையும் அடுத்த வருடத்தையும் விரலால் தொட்டார். அதிகாரி அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "யன்ன," போ என்றார்.

"பயப்புட வாணாம் புள்ள, நாங்க ஈக்கிறோமே," என்றார் நானா வெளியே வந்ததும்.

சீட்டையும் நானாவின் வான் வண்டியில் போட்டுக்கொண்டு நேரே ஹெவ்லொக் டவுனுக்குப் போனோம். இன்னொரு இரவு அந்தக் கொடியை வைத்திருக்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. லேஞ்சியைக் கண்டதும் பக்கத்துக் கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டா.

"காரை மறிச்சவங்கள். கழட்டு கழட்டு எண்டு இவர்தான் சொன்னவர். லேஞ்சியும் தந்தவர். நான் கழட்டி சீட்டுக்குள்ளை தள்ளிப்போட்டன், பிறகு அந்தக் காரிலை ஏறவேயில்லை. என்னைத் தமிழெண்டு அவங்களுக்குத் தெரியேல்லை." தன் காதுச் சோணையைத் தொட்டுக் காட்டினா. "இவருக்குச் சின்னனிலை கடுக்கன் போட்ட ஓட்டை இருந்தது பிள்ளை. அதைப் பாத்துத்தான் தமிழெண்டு பிடிச்சவங்கள். அதை எப்பிடிக் கழட்டுறது?"

ஒன்றைச் சொல்லாமல் வர முடியவில்லை. தாலியை என் கழுத்தில் போட்டதையும் நடந்ததையும் சொன்னேன். கோபிப்பா என்று நினைத்தேன்.

"பயந்தனியோ?"

"ஓம் அன்ரி."

"நானும்," என்றா. கொடியை மேசையில் வைத்துவிட்டு, துருப்பிடித்த லேஞ்சியை மட்டும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தா.

இன்று அந்தக் கராஜ் நின்ற இடத்தில் மாடி வீடுகள். நானாவும் இல்லை, மரியதாஸ் அண்ணனும் இல்லை. சென்ட்ரி இருந்த மூலையில் யாரோ இளநீர் விற்கிறார்கள். படிவமும் இப்போது ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் என் பெயருக்கு நேரே அன்று எழுதியதை மாற்ற வேண்டிய தேவை கடைசிவரை வரவில்லை. என் கழுத்தில் தாலி கிடந்தது அந்த ஒரு சனி ஞாயிறில் மட்டும்தான்.

ஊர்வலத்தன்று கார் சந்தியில் நின்றபோது, போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் குனிந்து மணப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவர் போகும்வரை நான் என் வெறுங்கழுத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தேன். பயம் அப்படியே இருக்கிறது. சீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பொலிஸுக்கு வரத்தான் எனக்கு இப்போது ஆளில்லை.